விடை தெரியும், ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை: ஒரு ட்ரிபிள் ஈ மாணவிக்குப் பதில்

கேள்வி: அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர். அரியர் எதுவும் இல்லை. முதலாண்டு ஆங்கிலத் தாள்கள் இரண்டிலும் நல்ல கிரேடு. ஆனால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்டால் விடை மனதில் இருக்கும், ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போனேன். கடையில் பேசுவது, விருந்தினரை வரவேற்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வைவாவில் அது உதவவில்லை. ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் கேம்பஸ் இன்டர்வியூ வந்துவிடும். கிராமரை முதலிலிருந்து படிக்கட்டுமா? ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குக் கோச்சிங் சேரட்டுமா? தினமும் ஆங்கில நாளிதழ் படிக்கட்டுமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றில் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது, உங்கள் பாடத்தையே ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் பழகுவது. டிரான்ஸ்ஃபார்மரையும் மோட்டாரையும் பற்றி மூன்று வருடமாக ஆங்கிலத்தில் எழுதி வருகிறீர்கள். அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் தொடர்ந்து பேசச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தேர்வு கேட்பதில்லை, பெரும்பாலான வகுப்புகளும் கேட்பதில்லை. வைவாதான் முதல் முறையாகக் கேட்கிறது, அதுவும் மதிப்பெண்ணோடு. அதனால் வாய் அடைத்துப்போவதில் வியப்பில்லை, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மெஷின்ஸ் லேபில் டிரான்ஸ்ஃபார்மரின் ஓபன் சர்க்யூட் டெஸ்ட் செய்திருப்பீர்கள். அதை எதற்குச் செய்கிறோம், எந்தப் பக்கத்துக்கு வோல்டேஜ் கொடுக்கிறோம், வாட்மீட்டர் காட்டுவது எந்த இழப்பு, ஏன் அந்த இழப்பு மட்டும் என்பதையெல்லாம் புத்தகம் பார்க்காமல் தமிழில், பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே ‘ஏன்’ என்ற இடத்தில் தடுக்கினால், அங்கே குறை ஆங்கிலத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. வைவாவில் மௌனமாகும் பலருக்கு இந்த இரண்டு குறைகளும் கலந்தே இருக்கும். ஆங்கிலம் வராததால்தான் என்று நினைத்து எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போட்டுவிடுவார்கள். இரண்டையும் முதலிலேயே பிரித்துவிட்டால் உங்கள் நேரம் வீணாகாது. மின்தூண்டலையும் மின்மாற்றியையும் பள்ளியிலேயே தமிழில் புரிந்து படித்தவருக்கு அந்த ‘ஏன்’ பெரும்பாலும் கைவசம் இருக்கும். அது பெரிய பலம். அதன்மேல் கட்டுவது எளிது.

சரி, தமிழில் தெளிவாக வந்தது, ஆங்கிலத்தில் நின்றுவிட்டது என்றால், எந்தச் சொல்லில் நிற்கிறது என்று கவனியுங்கள். வைண்டிங், கோர், ரேட்டட் வோல்டேஜ் போன்ற பெயர்களில் நிற்காது. வினையில் நிற்கும். நம் லேபில் பேசும் பேச்சு இப்படி: “எல்வி சைடுக்கு ரேட்டட் வோல்டேஜ் அப்ளை பண்ணி, ஹெச்வி சைடை ஓபனா விட்டுட்டு, ரீடிங்கை நோட் பண்ணிக்கோங்க.” (எல்வி என்பது லோ வோல்டேஜ், ஹெச்வி என்பது ஹை வோல்டேஜ்.) சொற்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். ஆனால் எப்போது நடந்தது, யார் செய்தது, எதற்குப் பிறகு எது, எதனால் எது என்ற சுமை முழுவதையும் தூக்குவது ‘பண்ணி’, ‘பண்ணினா’, ‘பண்ணினதால’ என்ற தமிழ்ச் சொற்கள். அப்ளை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அப்ளைட், இஸ் அப்ளைட், பை அப்ளையிங் என்று வாயால் சொன்னதே இருக்காது. பாஸிவ் வாய்ஸ் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கியவரும் வைவாவில் திணறுவது இதனால்தான். கிராமரை முதலிலிருந்து படித்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு இதுதான் வேலை. லேப் ரெக்கார்டைத் திறந்து, நீங்கள் ‘பண்ணு’ சேர்த்துச் சொல்லும் வினைகளை எழுதுங்கள்: கனெக்ட், அப்ளை, அட்ஜஸ்ட், மெஷர், கால்குலேட், ப்ளாட், கம்பேர், இன்க்ரீஸ், ரெட்யூஸ், மெயின்டெய்ன், டிஸ்கனெக்ட் என்று ஒரு நாற்பது தேறும். உங்கள் லேப் முழுவதையும் பேச அந்த நாற்பது ஏறக்குறைய போதும். ஒவ்வொன்றையும் ஒரு சோதனையோடு சேர்த்து மூன்று விதமாகச் சொல்லுங்கள். செய்முறையை விளக்கும்போது, “வீ கனெக்ட் த அம்மீட்டர் இன் சீரீஸ்.” செய்து முடித்ததைச் சொல்லும்போது, “வீ கனெக்டட் த அம்மீட்டர் இன் சீரீஸ்.” காரணம் சொல்லும்போது, “த அம்மீட்டர் இஸ் கனெக்டட் இன் சீரீஸ் பிகாஸ் த சேம் கரண்ட் மஸ்ட் ஃப்ளோ த்ரூ இட்.” நாளைக்கு நான்கு வினை. நோட்டில் எழுதி முடித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம், சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இறந்தகால வினையின் வாலை மட்டும் கவனமாக உச்சரியுங்கள். சொல் ஆங்கில t அல்லது d ஒலியில் முடிந்தால்தான் கூடுதலாக ஓர் அசை வரும்: கனெக்டட், ப்ளாட்டட். மெஷர், ரெட்யூஸ் போன்றவற்றுக்கு வராது: மெஷர்ட், ரெட்யூஸ்ட். ‘ரெட்யூசெட்’ என்று இழுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இன்னொன்று, சொல்லின் கடைசி மெய்யோடு ஓர் உகரம் ஒட்டிக்கொள்வது: டெஸ்ட்டு, சுவிட்ச்சு, லோடு. தமிழ்ப் பேச்சுக்கு அது இயல்பு. ஆங்கிலத்தில் வால் நீண்டால், டெஸ்ட் என்றீர்களா டெஸ்டட் என்றீர்களா என்று கேட்பவருக்குக் குழப்பம் வரும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடப் பேச்சு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். ஒரு சோதனையையோ கருவியையோ எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் என்ன, எதற்கு, எப்படி, என்ன கிடைத்தது என்ற நான்குக்கும் ஒவ்வொரு சொல் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு 60 விநாடி நிறுத்தாமல் பேசுங்கள். தவறு வந்தால் திரும்பப் போகாதீர்கள், மேலே செல்லுங்கள். பிறகு அதைப் போட்டுக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், இழுத்த ‘ஆ’, ‘மீன்ஸ்’, ‘லைக்’, பாதியில் விட்ட வாக்கியம் உட்பட. இந்த எழுதும் வேலை சலிப்பூட்டும், பலர் இங்கேதான் விட்டுவிடுவார்கள். ஆனால் கற்பது நடப்பது இங்கேதான். காதால் கேட்டபோது பெரிதாகத் தெரியாத தவறு தாளில் கண்ணில் அறையும்.

எழுதியதில் முதலில் குறிக்க வேண்டியவை கிராமர் பிழைகள் அல்ல, நின்றுபோன இடங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில், அங்கே என்ன சொல்ல வந்தீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். அதற்கான ஆங்கிலத் தொடரைத் தேடுங்கள். அதன் பிறகு இலக்கணப் பிழைகளில் மூன்றை மட்டும் திருத்துங்கள். இருபதையும் திருத்தப் போனால் அடுத்த முறை வாயே திறக்காது. திருத்திய பின் அதே தலைப்பை இன்னொரு முறை பேசிப் பதிவு செய்யுங்கள். முழுவதும் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள் போதும்.

ஓபன் சர்க்யூட் டெஸ்டைப் பற்றிய பேச்சு நன்றாக அமைந்தால் இப்படி இருக்கும்: “திஸ் டெஸ்ட் கிவ்ஸ் அஸ் த அயன் லாஸ் ஆஃப் எ டிரான்ஸ்ஃபார்மர். வீ அப்ளைட் ரேட்டட் வோல்டேஜ் டு த லோ வோல்டேஜ் சைட் அண்ட் லெஃப்ட் த ஹை வோல்டேஜ் சைட் ஓபன். த நோ-லோட் கரண்ட் இஸ் ஸ்மால், சோ த காப்பர் லாஸ் இஸ் நெக்லிஜிபிள். தேர்ஃபோர் த வாட்மீட்டர் ரீடிங் இஸ் த அயன் லாஸ்.” (அயன் லாஸ் இரும்புக் கோரில் ஏற்படும் இழப்பு, காப்பர் லாஸ் வைண்டிங்கில் ஏற்படும் இழப்பு.) எல்லாம் சின்ன வாக்கியங்கள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. நல்ல தொழில்முறை ஆங்கிலம் இப்படித்தான் இருக்கும். பெரிய சொல்லைத் தேடிப் போவதால் பேச்சு உயர்வதில்லை, தடுமாற்றம்தான் கூடுகிறது.

இந்தப் பேச்சைத் திருத்த ஏஐ சாட்பாட் பயன்படுத்தலாமா என்ற எண்ணம் வரும். பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: “இதை மாற்றி எழுதித் தராதே, மூன்று தவறுகளைக் காட்டு, காரணம் சொல்” என்று கேளுங்கள். அது மாற்றி எழுதிக் கொடுக்கும் பளபளப்பான பத்தியை மனப்பாடம் செய்தால், முதல் துணைக் கேள்வியிலேயே எல்லாம் சரிந்துவிடும்.

இனி, விடையை எங்கிருந்து தொடங்குவது. “டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கிலோவாட்டில் குறிக்காமல் கேவிஏவில் (கிலோவோல்ட்-ஆம்பியரில்) குறிக்கிறோம்?” என்பது வைவாவில் தவறாமல் வரும் கேள்வி. பெரும்பாலான மாணவர்கள் “சார், இன் டிரான்ஸ்ஃபார்மர் தேர் ஆர் டூ டைப்ஸ் ஆஃப் லாசஸ்” என்று தொடங்கி, ஒவ்வொரு இழப்பையும் விளக்கி, கடைசியில் காரணத்துக்கு வருவார்கள். தமிழில் முடிவு வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்த வரிசை நமக்கு இயல்பாகப் படுகிறது. தேர்வாளரோ பாதியில் குறுக்கிட்டுவிடுவார், நீங்கள் காரணத்தைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். முதல் வாக்கியத்திலேயே விடையை வையுங்கள்: “பிகாஸ் இட்ஸ் லாசஸ் டிபெண்ட் ஆன் வோல்டேஜ் அண்ட் கரண்ட், நாட் ஆன் பவர் ஃபேக்டர்.” பிறகு, அயன் லாஸ் வோல்டேஜைச் சார்ந்தது, காப்பர் லாஸ் கரண்ட்டைச் சார்ந்தது என்று விரியுங்கள். யார் குறுக்கிட்டாலும் விடை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. தெரிந்த வைவா கேள்விகள் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வியே புரியாதபோது தலையாட்டிவிட்டுத் தெரிந்ததைச் சொல்வதுதான் அதிக மதிப்பெண்ணைத் தின்னும் பழக்கம். திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. “குட் யூ ப்ளீஸ் ரிபீட் த லாஸ்ட் பார்ட்?” என்று கேளுங்கள். பாதி புரிந்திருந்தால் அதைவிட நல்ல வழி இது: “ஆர் யூ ஆஸ்கிங் அபவுட் எஃபிஷியன்சி ஆர் வோல்டேஜ் ரெகுலேஷன்?” விடை தெரியாவிட்டால், “வீ டிட் நாட் டெஸ்ட் தட். ஐ எக்ஸ்பெக்ட் த எஃபிஷியன்சி டு டிராப், பிகாஸ்…” என்று தெரிந்த காரணத்தோடு நேர்மையாக நிறுத்துங்கள். இந்த மூன்றும் தயங்காமல் வாயில் வரும் வரை சொல்லிப் பழகுங்கள்.

காரணத்தைச் சொல்லும் வாக்கியங்களில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. பிகாஸுக்குப் பின் முழு வாக்கியம் வரும், ட்யூ டு என்பதற்குப் பின் பெயர்தான் வரும். டிசி ஷன்ட் மோட்டாரின் ஃபீல்ட் சர்க்யூட் அறுந்தால் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறும் அல்லவா? “பிகாஸ் த ஃபீல்ட் சர்க்யூட் ஓபன்ட்” சரி, “ட்யூ டு எ ப்ரேக் இன் த ஃபீல்ட் சர்க்யூட்” சரி, “ட்யூ டு த ஃபீல்ட் சர்க்யூட் ஓபன்ட்” தவறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் நீங்கள் படித்த இரண்டாம் செமஸ்டர் ப்ரொஃபஷனல் இங்கிலிஷ் தாளில் காரணமும் விளைவும், விபத்து அறிக்கை, பரிந்துரைகள், வேலை விண்ணப்பம் எல்லாம் இருந்தன. அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதே பயிற்சிகளை இப்போது ட்ரிபிள் ஈ விஷயங்களை வைத்துச் செய்யுங்கள். அப்போது தேர்வுக்காக எழுதியது இப்போது உங்களுக்காகவே ஆகும்.

எண்களைச் சொல்வதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, ஆனால் பொறியாளரின் பேச்சில் பாதி எண்தான். புள்ளிக்குப் பின் வருவதை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 3.75 என்பது த்ரீ பாயிண்ட் செவன் ஃபைவ், செவன்ட்டி ஃபைவ் அல்ல. 15, 50 இரண்டும் காதில் குழம்பும். ஃபிஃப்ட்டீனில் கடைசி அசையை நீட்டுங்கள், ஃபிஃப்ட்டியில் முதல் அசையை அழுத்துங்கள். வெப்பநிலை 40 டிகிரியிலிருந்து 65 ஆனால், அது “ரோஸ் பை 25” அல்லது “ரோஸ் டு 65”. பை, டு இரண்டும் மாறினால் உங்கள் அளவீடே பொய்யாகிவிடும். அலகை ஒருபோதும் விடாதீர்கள்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, வெளிநாட்டு ஆக்சென்ட் தேவையே இல்லை. சரியான அசையில் அழுத்தம் கொடுத்தால் போதும். அனாலிசிஸ் என்பதில் இரண்டாம் அசை, அனலைஸ் என்பதில் முதல் அசை. கம்போனென்ட், டெவலப், எக்விப்மென்ட், பராமீட்டர் எல்லாவற்றிலும் இரண்டாம் அசை. ரெக்கார்ட், இன்க்ரீஸ் போன்ற சொற்களில் பெயராக வரும்போது முதல் அசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம். அகராதிச் செயலிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால் கேட்கலாம். உங்கள் ப்ராஜெக்டில் வரும் முப்பது சொற்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேட்டுப் புரிந்துகொள்ள, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணைய விரிவுரைகளே நல்ல வழி. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. உங்களை இன்டர்வியூ செய்யப்போகிறவர்களும் பெரும்பாலும் இந்திய உச்சரிப்பில்தான் பேசுவார்கள். ஏற்கெனவே படித்து முடித்த பாடத்தை எடுங்கள், புதுப் பாடம் வேண்டாம். இரண்டு நிமிடப் பகுதியைக் கேப்ஷன் இல்லாமல் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை உடனே திருப்பிச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் கம்ப்யூட்டரிலேயே நடத்தும் பேச்சுத் தேர்வில், ஒரு வாக்கியத்தை ஒரே முறை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பகுதி உண்டு. அதற்கும் இதே பயிற்சி பயன்படும். சொல் சொல்லாக நினைவில் வைக்கப் பார்த்தால் விட்டுப்போகும், பொருளை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். பள்ளியில் எழுதிய லீவ் லெட்டரின் நடை ஈமெயிலிலும் தொடர்கிறது: “வித் டியூ ரெஸ்பெக்ட்” என்று தொடங்கி, நான்கு வரி கழித்துத்தான் கோரிக்கை வரும். படிப்பவர் போனில் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு, அதாவது ஒரு நிறுவனத்தில் பெறும் குறுகிய காலப் பயிற்சிக்கு, எழுதுவதானால், சப்ஜெக்ட் வரியிலேயே என்ன, எத்தனை பேர், எந்தத் தேதி என்பது இருக்கட்டும்: “ரிக்வெஸ்ட் ஃபார் இன்பிளான்ட் ட்ரெய்னிங், 2 ட்ரிபிள் ஈ ஸ்டூடன்ட்ஸ், 8 டு 19 ஜூன்”. முதல் வரியில் நீங்கள் யார், என்ன வேண்டும். இரண்டாவதில், அந்த நிறுவனத்தில் எந்தப் பிரிவைப் பார்க்க விரும்புகிறீர்கள், ஏன். மூன்றாவதில், கல்லூரிக் கடிதம் இணைத்திருக்கிறீர்கள் என்பது. கடைசியில், எந்தத் தேதிக்குள் பதில் தேவை என்பது, உங்கள் போன் எண். நூறு சொல்லுக்குள் முடியும். இணைப்புக் கோப்புக்கு ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2’ என்ற பெயர் வேண்டாம், உங்கள் பெயரையும் துறையையும் வையுங்கள்.

பேச்சிலும் எழுத்திலும் களைய வேண்டியவை சில உண்டு. எக்விப்மென்ட், சாஃப்ட்வேர், இன்ஃபர்மேஷன் என்பவற்றுக்குப் பன்மை ‘ஸ்’ சேர்க்காதீர்கள். டிஸ்கஸ் என்றால் போதும், அபவுட் வேண்டாம். “மைசெல்ஃப்” என்று பெயர் சொல்லித் தொடங்காதீர்கள், “ஐ ஆம்” என்று தொடங்குங்கள். “ஒன் ஆஃப் த” வந்தால் அடுத்த பெயர் பன்மையில்.

செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனில், அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார், ஹாபி, ஸ்ட்ரெங்த், வீக்னெஸ் என்ற மனப்பாடப் பட்டியலை விடுங்கள். எல்லோரும் அதையே சொல்வதால் அது யார் காதிலும் ஏறாது. பெயர், துறை, நீங்கள் கட்டியோ சோதித்தோ பார்த்த ஒரே ஒரு விஷயம், அதில் உங்கள் கையால் செய்த பகுதி, அதில் கிடைத்த ஓர் எண், எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும். இங்கே சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அடுத்த கேள்வி பிறக்கும். ஆகவே மூன்று நிமிடம் விளக்க முடியாத எதையும் அதில் வைக்காதீர்கள். “வீ” என்றே முழுவதும் சொல்வது நம் பணிவு, ஆனால் குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியாமல் போய்விடும். உங்கள் பங்கை “ஐ” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

குரூப் டிஸ்கஷனுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். முதலில் பேசுவது கட்டாயமில்லை. இரண்டு பேர் பேசியதை ஒரே வாக்கியத்தில் தொகுத்து, அதோடு உங்கள் காரணம் ஒன்றைச் சேர்த்து நுழைந்தால், கவனித்துக் கேட்டவர் என்பதும் தெரியும், யோசித்தவர் என்பதும் தெரியும். நாளிதழ் படிப்பது இதற்கு உதவும், அதுவும் வாரத்துக்கு இரண்டு தலைப்பு போதும்.

ஹாஸ்டலில் ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிட நன்றாகப் பேசுபவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் ஒரு நிமிடம் பேச, மற்றவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பேசும்போது நடுவில் திருத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட நல்ல மாணவிகள் நம் கல்லூரிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்கள் சேரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஐஈஎல்டிஎஸ் பற்றி: அது முக்கியமாக வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் தேர்வு. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அது தேவையில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணம் வந்தால், விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டி எழுதிக்கொள்ளலாம். இப்போது செலவு செய்வதானால், மைக் உள்ள ஒரு சாதாரண ஹெட்ஃபோன் வாங்குங்கள். முதல் பதிவுக்கு, அடுத்த லேப் வகுப்பில் செய்யப்போகும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்.